தாழ்ப்பாள் எட்டாத குரல்

வாய்க்கால்கரையில் இருந்த எங்கள் வீடுகளை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே கல்குவாரிக்குப் பக்கத்தில் கட்டியிருந்த எட்டு மாடிக் குடியிருப்பில் எங்களைக் கொண்டுபோய் இறக்கிய அன்றைக்கு, கிரைண்டர் வந்தது, பீரோ வந்தது, பீரோவின் உடைந்த கண்ணாடிகூடச் சாக்கில் சுற்றியபடி பத்திரமாக வந்தது, பெயின்ட் வாளியில் நட்டுவைத்த முருங்கைக் கொம்பு ஓர் இலை உதிராமல் வந்து சேர்ந்தது, என் மகள் செவ்வந்தியின் குரல் மட்டும் வரவில்லை.

அது எனக்கு உடனே தெரியவில்லை. புது வீட்டில் முதலில் பால் காய்ச்ச வேண்டும், அது பொங்கி வழிய வேண்டும், அதற்கு முன்னால் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த ரோசலின் அக்கா காவலுக்கு நின்றாள். அவள் மாதாவைக் கும்பிடுகிறவள்தான், ஆனால் பால் விஷயத்தில் எல்லாச் சாமியும் ஒன்று என்பாள். செவ்வந்தி என் இடுப்பில் இருந்தாள். நாலு வயசுப் பிள்ளைக்குப் பால் பொங்குவதைவிடப் பெரிய வேடிக்கை என்ன இருக்கிறது? பால் நுரைத்து ஏறியபோது அவள் வாயை ஆவென்று திறந்து, கையைத் தட்டி, என்னவோ கத்தினாள். வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. லாரியில் வந்த களைப்பில் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்து நான் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது போன் அடித்தது. வாய்க்கால் பாலத்தடியில் டீக்கடை வைத்திருக்கும் நூர்ஜகான் அக்கா.

"ஏண்டி சுகந்தி, புள்ளைய இங்கேயே விட்டுட்டுப் போயிட்டியா?"

"என் இடுப்புலதான்க்கா இருக்கா."

"அப்ப உங்க வீட்டு வாசப்படியில நின்னு 'பொங்கிருச்சு, பொங்கிருச்சு'ன்னு கத்துறது யாரு? போய்ப் பார்த்தா ஆளே இல்ல. வெறும் குரலு."

நான் செவ்வந்தியைப் பார்த்தேன். அவள் உதடு இன்னும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"குரலை விட்டுட்டுப் போயிருக்கே. சாமான் ஏத்தையில ஒரு தரம் சுத்திப் பார்த்து ஏத்த வேணாமா? நல்ல பொம்பளைடி நீ" என்று சொல்லிவிட்டு, வடை கருகுகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

ரோசலின் அக்காவிடம் சொன்னேன். அவள் பாலை டம்ளரில் ஊற்றிக்கொண்டே, "நான் அம்மிக்கல்லை விட்டுட்டு வந்துட்டேன். கனமான சாமான்னா நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கியாரலாம். இது காத்து மாதிரி சாமான், எதுல கட்டித் தூக்குவே?" என்றாள். அப்படித்தான் அந்தச் செய்தி எட்டு மாடிக்கும் ஏறியது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. எங்களை எல்லாம் ஒரே சாக்கில் கொட்டியதுபோல அந்தக் கட்டடத்தில் கொட்டியிருந்தார்கள், ஒருவருக்கு ஆட்டுக்கல் வரவில்லை, ஒருவருக்கு ரேஷன் கடை வரவில்லை, ஒருவர் வளர்த்த நாய் லாரிக்குப் பின்னால் ஓடிவந்து பாதியில் நின்றுவிட்டது, ஆக சுகந்தி மகளுக்குக் குரல் வரவில்லை என்பதும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது.

வேலை மட்டும் கூடிப்போனது. செவ்வந்தி என் முகம் பார்த்துப் பேசினால் உதட்டைப் படித்துவிடுவேன். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றால் அவள் என்ன கேட்டாலும் எனக்குத் தெரியாது, வாய்க்கால்கரைக்குத்தான் தெரியும். உடனே போன் வரும். "சுகந்தி, புள்ளைக்கு ஒண்ணுக்கு வருதாம்." "சுகந்தி, அந்தச் சட்டை குத்துதாம், கழட்டி விடு." "சுகந்தி, காலையில இருந்து உப்புமா வேணாம் உப்புமா வேணாம்னு அழுவுது, இங்க டீ குடிக்கிறவன் ஒருத்தனுக்கும் உள்ள எறங்கல, வேற ஏதாச்சும் செஞ்சு குடேன்." டீக்கடைக்கு வருகிற ஆட்டோக்காரர்களுக்கு என் மகள் எப்போது தூங்குகிறாள், எப்போது பல் தேய்க்க அடம் பிடிக்கிறாள் என்பதெல்லாம் அத்துப்படி. சண்டை போடுகிறவர்களைக்கூட நூர்ஜகான் அக்கா, "டேய், பாப்பா முழிச்சிருக்கு, கெட்ட வார்த்தை பேசாதீங்க" என்று அடக்குவாளாம். குரலுக்குக் காது கிடையாது அக்கா, அவள் காது இங்கே இருக்கிறது என்று சொன்னேன். "இருந்தாலும் ஒரு மட்டு மரியாதை வேணாமா?" என்றாள்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மா தொண்டை ரோஜாப்பூ மாதிரி இருக்கிறது என்று சொல்லி டானிக் எழுதினார். தர்காவில் ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள், ரோசலின் அக்கா நெற்றியில் எண்ணெய் தொட்டு வைத்தாள், நானும் விபூதியை அள்ளி அப்பினேன். எல்லாவற்றுக்கும் செவ்வந்தி சமர்த்தாகத் தலையைக் காட்டிக்கொண்டு நின்றாள். பால்வாடியில் டீச்சர் பேர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள். "வாய்ல சொல்லு" என்று டீச்சர் மிரட்டிய அன்றைக்கு, "உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர்" என்று வாய்க்கால்கரை முழுக்கக் கேட்டதாம். டீச்சருக்கு போன் போட்டு நூர்ஜகான் அக்கா சாட்சி சொன்ன பிறகுதான் சுண்டல் கிடைத்தது.

பிள்ளையைப் புது வீட்டுக்குப் பழக்க வேண்டும், பழகிவிட்டால் குரல் தானாக வந்து சேரும் என்று நான் நினைத்தேன். பழைய வீட்டில் படுத்த மாதிரியே கிழக்குச் சுவரோரம் பாயை விரித்தேன். பழைய பச்சைப் புடவையையே சன்னலுக்குக் கட்டினேன். சாக்பீஸைக் கையில் கொடுத்து, "இந்தச் சுவரு உன்னுது, என்ன வேணா வரஞ்சுக்கோ, ஒருத்தரும் திட்ட மாட்டாங்க" என்றேன். லிஃப்ட் என்றால் அவளுக்கு நடுக்கம், கதவு மூடினால் வீடு எங்கே போகும் என்று பயம், அதனால் எட்டு மாடியும் தூக்கிக்கொண்டே ஏறினேன், ஒவ்வொரு மாடியிலும் நின்று அங்கே யார் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று வாசனை பிடித்துச் சொன்னேன். அவள் சாக்பீஸை வாங்கி ஒரு கதவு வரைந்தாள். கதவின் உச்சியில், தன் கை எட்டுகிற உயரத்துக்கும் மேலே, ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு தாழ்ப்பாள் வரைந்தாள். வரைந்துவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். மூன்று பக்கச் சுவரும் வெறுமையாகவே கிடந்தன.

அங்கே வாய்க்கால்கரையில் வீடுகளைத் தரைமட்டமாக்கிக்கொண்டிருந்தார்கள். நடைபாதையும் பூங்காவும் வரப்போகிறதாம். ஜேசிபி ஓட்டிய குமரவேல் என்ற தம்பி ஒவ்வொரு வீடாகத் தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டின் மூன்று சுவரையும் தள்ளிவிட்டு, நிலைக்கதவு இருந்த முன்சுவருக்கு எந்திரக் கையை நீட்டியபோது, "சத்தம் போடாதீங்க, பாப்பா தூங்குது" என்று ஒரு குழந்தை அதட்டியது. இங்கே செவ்வந்தி பொம்மையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தம்பிக்கு அது எப்படித் தெரியும்? வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, சுவரைச் சுற்றி வந்து பார்த்து, பிறகு நூர்ஜகான் அக்கா கடைக்குப் போய் ஒரு டீ குடித்து விவரம் கேட்டுக்கொண்டு, "தூங்குற புள்ள மேல எப்படிக்கா வண்டிய விடுறது" என்று வேறு பக்கம் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். இப்படியே நாளைக் கடத்தினான். மற்றதெல்லாம் மண்ணாகிவிட, மொத்தக் கரையிலும் எங்கள் முன்சுவர் மட்டும் கதவோடு நின்றது, உள்ளே போனாலும் வெளியேதான், வெளியே வந்தாலும் வெளியேதான்.

ஒரு நாள் காண்டிராக்டர் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சுவர் இருக்கக் கூடாது, இருந்தால் குமரவேலுக்கு வேலை இருக்காது.

"எனக்கு ஒண்ணும் புரியல சுகந்தி" என்றாள் நூர்ஜகான் அக்கா. "சுவரு போச்சுன்னா குரலு எங்க நிக்கும்? மண்ணோட மண்ணாப் போயிருமா, இல்ல வாய்க்காலோட போயிருமா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லாம இருந்தேன். நான் விடியக்காலையில கடை தொறக்க வர்றப்ப அது தூக்கத்துல பேசுது. தினமும் ஒரே பேச்சுத்தான்."

"என்ன பேசுது?"

"'இருங்கப்பா, வர்றேன், தாழ்ப்பா எட்டல'ன்னு சொல்லுது."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் வரைந்திருந்த கதவுக்கு எதிரே அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். போன வருசம் கார்த்திகையில் கவுகாத்திக்கு வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு போனார். லோடு போய்ச் சேர்ந்தது. லாரி திரும்பி வருகிற வழியில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நின்றது, தார்ப்பாய் மடித்துக் கட்டியிருந்தது, டிபன் டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது, அவர் இல்லை. முதலாளி வேறு டிரைவரை அனுப்பி லாரியைக் கொண்டுவந்துவிட்டார். போலீசில் எழுதிக் கொடுத்தோம். போன் இன்றைக்கும் அணைத்துவைக்கப்பட்டுள்ளது என்றுதான் சொல்கிறது. அவர் செத்துப்போனார் என்று சொல்ல ஆள் இல்லை, இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை. நான் பூவும் வைப்பேன், பொட்டும் வைப்பேன், சிரிக்கவும் செய்வேன், பிள்ளை வைத்திருக்கிறவள் வேறு என்ன செய்ய முடியும்?

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பாதிப் பேர் லாரி ஓட்டுகிறவர்கள் என்பதால் வந்த வழக்கமாக இருக்கும். வண்டிக்குப் போகிறவர் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்வார். நிலைப்படியில் நின்று 'போயிட்டு வாங்க' என்று யார் வழியனுப்பினார்களோ, திரும்பி வரும்போது அவர்கள்தான் கதவைத் திறக்க வேண்டும். வேறு யாரும் திறக்கக் கூடாது. அனுப்பினவளுக்குப் பிரசவம், ஆஸ்பத்திரி என்று ஏதாவது வந்துவிட்டால், இன்னொருத்தி நிலையைத் தொட்டு, 'நீ போ, நான் திறக்கிறேன்' என்று அவள் பேர் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் அனுப்பினவள் வாசலை விட்டுப் போகக் கூடாது.

அன்றைக்குக் காலையில் தண்ணீர் லாரி வந்துவிட்டது. நான் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தேன். அவர் கிளம்பும்போது வாசலில் நின்று டாட்டா காட்டி, 'போயிட்டு வாங்கப்பா' என்று சொன்னது செவ்வந்தி. திரும்பி வந்து பார்த்தபோது அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள், ஒரு பொறுப்பு வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. எனக்கும் தெரியும், கரைக்கே தெரியும், ஆனால் மொத்தக் கரையையும் ஒரே நாளில் லாரியில் ஏற்றிய அவசரத்தில், நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு வாசல் இருக்கிறது என்று யாருக்கு ஞாபகம் வரும்? உடம்பைத் தூக்கி லாரியில் வைத்தால் உடம்பு வரும். சொன்ன வாய் எப்படி வரும்?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். என்ன நடக்கும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது, அதனால் பஸ் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தேன். சிலிண்டரைத் தொடக் கூடாது, லிஃப்டில் பயப்படக் கூடாது, கதவு மூடினாலும் வீடு அதே இடத்தில்தான் இருக்கும், ரோசலின் அத்தை திட்டினாலும் சோறு போடுவாள், மொட்டை மாடிக்குத் தனியாகப் போகக் கூடாது, உனக்கு அந்தப் பேர் வைத்தது உங்கப்பாதான், நீ பிறந்த அன்றைக்கு லாரி முழுக்கச் செவ்வந்திப்பூ லோடு, நீ பிறந்து மூன்று நாள் வரைக்கும் அவர் சட்டையில் அந்த வாசனை போகவில்லை. தாலாட்டும் பாடினேன். முன்சீட்டுப் பெரியவர் திரும்பி, "கொஞ்சம் வாயை மூடும்மா, ஏறுனதுல இருந்து நிறுத்தாம ஓடுது" என்றார்.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்கய்யா" என்றேன்.

வாய்க்கால்கரையில் இறங்கியபோது குமரவேல் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான், எந்திரத்தைக் கிளப்பவில்லை. நூர்ஜகான் அக்கா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து நின்றாள். டீ குடிக்க வந்தவர்கள் டம்ளரோடு வந்து நின்றார்கள். மண்மேட்டுக்கு நடுவில் எங்கள் கதவு. செவ்வந்தி என் கையை உதறிவிட்டு ஓடிப்போய்க் கதவின் உள்பக்கமாக நின்று தட்டி, வாயைத் திறந்து, 'யாரு?' என்று கேட்டாள். சத்தம் கதவிலிருந்து வந்தது. அவளே திடுக்கிட்டுப் பின்வாங்கி, பிறகு சிரித்து, கதவில் காதை வைத்துக்கொண்டாள். அவ்வளவு நாளும் தன் குரலைத் தான் கேட்காமல் இருந்த பிள்ளை அது.

நான் நிலையைத் தொட்டேன். வெயில் படாத இடத்தில் மஞ்சளும் குங்குமமும் இன்னும் ஒட்டியிருந்தன.

"செவ்வந்தி" என்றேன். "நீ போடா கண்ணு. நீ வெளையாடப் போ. அப்பாவுக்கு இனிமே நான் திறக்கிறேன்."

கதவு ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் மட்டும். செவ்வந்தி நிமிர்ந்து உச்சியிலிருந்த தாழ்ப்பாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"அம்மா, உனக்கு எட்டுமா?"

அது அவள் வாயிலிருந்து வந்தது. ஈரமாக, கொஞ்சம் கரகரப்பாக, அவள் பல் இடுக்கு வழியாக வந்தது.

"எட்டும்டி தங்கம்" என்றேன் நான்.

அது கதவிலிருந்து வந்தது.

"அடிப்பாவி" என்று நூர்ஜகான் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குமரவேல் இறங்கி வந்து, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, சுவரைத் தள்ளித்தான் ஆவணும். நிலைப்படிக் கல்லை மட்டும் உடையாம எடுத்துத் தர்றேன், ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டான். தலையாட்டினேன். வாய் இருந்திருந்தால் நாலு வார்த்தை நன்றி சொல்லியிருப்பேன். முட்டையை எடுப்பதுபோல அவ்வளவு பெரிய எந்திரக் கையால் அந்தக் கல்லைத் தூக்கிக் கொண்டுபோய் டீக்கடை ஓரத்தில் வைத்தான். பிறகு சுவர் விழுந்தது. விழுந்தபோது செவ்வந்தி கைதட்டி, "டமார்" என்று கத்தினாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள்தான் பேசிக்கொண்டே வந்தாள்.

இப்போது அவளுக்கு லிஃப்டில் பொத்தான் எது எது என்று தெரியும், அவளைக் கேட்காமல் யாரும் அழுத்த முடியாது. மூன்று சுவரிலும் பஸ்ஸும் பூனையும் பூவும் வரைந்து தள்ளிவிட்டாள். தாழ்ப்பாள் போட்ட கதவின் மேல் ஒரு பெரிய யானை நிற்கிறது. காய்கறி வண்டிக்காரரிடம் எனக்குப் பதிலாக அவள்தான் பேரம் பேசுகிறாள், நான் பேசியதைவிட மோசமாகப் பேசுகிறாள். ரோசலின் அக்கா, "வாயாடி வாயடைச்சுப் போனதுல இந்த மாடியே கோயில் மாதிரி இருக்கு" என்று கேலி செய்தாள். செய்த அன்றைக்கே சாயங்காலம், எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

நான் விடிந்ததும் அடுப்படி சன்னலோரம் நின்று வாயை அசைத்துச் சொல்கிறேன். நாங்க இங்க இல்லைங்க. குவாரி பஸ்ஸுல ஏறி கடைசி ஸ்டாப். எஃப் பிளாக்கு, எட்டாவது மாடி, வலது கைப் பக்கம் மூணாவது கதவு. லிஃப்டு ஓடலன்னா படியில வாங்க, மெதுவா வாங்க. அங்கே டீக்கடை ஓரத்து நிலைப்படிக் கல்லிலிருந்து அது தெளிவாகக் கேட்கிறதாம். இது தெரிந்த பிறகு எங்கள் பிளாக்கில் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்திக்கு ஜெயிலிலிருந்து தம்பி வர வேண்டும், ஒருத்திக்குக் கோபித்துக்கொண்டு போன மருமகள் வர வேண்டும், ஒரு கிழவருக்கு அந்த நாய் வர வேண்டும். அவர்களுடைய கதவையும் சேர்த்துச் சொல்கிறேன். நாய்க்கு மட்டும் மாடி எண் சொல்வதில்லை, குழம்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு வா என்று சொல்கிறேன். நாய் வந்துவிட்டது. வேறு யாரும் இன்னும் வரவில்லை.

ராத்திரி லோடு ஏற்றிய லாரிகள் காலையில் பாலத்தடியில் வரிசையாக நிற்கின்றன என்று நூர்ஜகான் அக்கா போனில் சொன்னாள். போனை எடுத்து எனக்குச் சொல்கிறவள் செவ்வந்திதான். "அம்மா, லாரி மாமாங்க எல்லாம் டீ குடிச்சிட்டும் போக மாட்டேங்குறாங்களாம். நான் பால்வாடிக்குப் போற நேரம் வரைக்கும் நிக்கிறாங்களாம். ஏம்மா?"

எனக்குத் தெரியும் ஏன் என்று. அவளுக்குச் சொல்ல என்னிடம் வாய் இல்லை, தலைமுடியை ஒதுக்கிவிட்டு ரிப்பனை இறுக்கிக் கட்டினேன்.

அவள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, எதிர் வீட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தபடி, எங்கள் புது வாசலில் ஒரு நொடி நின்று, "போயிட்டு வர்றேன்மா" என்று கத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் லிஃப்டுக்கு ஓடுகிறாள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு, 'போயிட்டு வா' என்று வாயைத் திறக்கிறேன்.

அங்கே பாலத்தடியில், கல்லைப் பார்த்தபடி காத்திருக்கிற லாரிக்காரர்கள், கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொருவராக வண்டியைக் கிளப்புகிறார்களாம்.